தூண்டில் என்ற ஒற்றைச் சொல்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தாம் மொழிபெயர்த்த அமெரிக்கச் சிறுகதை ஒன்றின் கைப்பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். டபிள்யூ.டி. வெதரெல் எழுதிய ‘த பாஸ், த ரிவர், அண்ட் ஷீலா மான்ட்’. டெக்சஸில் வேலை பார்த்த ஆண்டுகளில் வார இறுதிகளை ஏரிகளில் கழித்தவன் நான் என்பதால், மீன்பிடிக்கும் பகுதிகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துத் தரும்படி கேட்டிருந்தார். பார்த்தேன். மூலத்தில் கோல், ரீல், நரம்பு, முள் என்று தனித்தனியாக வருபவை எல்லாம் தமிழில் ‘தூண்டில்’ ஆகியிருந்தன. தூண்டில் வளைந்தது, தூண்டில் ஓடியது, தூண்டிலை அறுத்தான். வளைந்தது எது, ஓடியது எது, அறுபட்டது எது என்று கதையைத் தமிழில் மட்டும் படிப்பவர் கண்டுபிடிக்கவே முடியாது. பாஸ் என்ற மீன் ‘கொடுவா’ ஆகியிருந்தது.

இவற்றைக் குறித்து அனுப்பினேன். தொலைபேசியில் அழைத்தார். “நான் மொழிபெயர்ப்பது இலக்கியம். மீன்பிடி சாமான் கடையின் விலைப்பட்டியல் அல்ல. அந்த மீன் ஒரு படிமம். பையன் எதை இழக்கிறான் என்பதுதான் வாசகனுக்கு வேண்டும்” என்றார். பிறகு சற்று இறங்கிவந்து, “டிரவுட் பிடிப்பதிலாவது ஒரு கவித்துவம் உண்டு. இது பிளாஸ்டிக் புழுவை வைத்துக்கொண்டு செய்யும் வணிக விளையாட்டு. அதற்குப் போய் இத்தனை கலைச்சொல்லா?” என்றும் கேட்டார். அதோடு விட்டிருப்பேன். ஆனால் இதையே அவர் ஒரு சந்திப்பில் பொதுவில் சொல்ல, அங்கிருந்த நல்ல வாசகர்கள் பலர் தலையசைத்தார்கள். ஆகவே பதிலையும் பொதுவில் எழுதுகிறேன். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அவருடைய இந்தக் கருத்தின்மீது இல்லை.

முதலில் அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு வயதுப் பையன். பதினேழு வயதுப் பெண்ணான ஷீலா மான்ட்டைத் தன் சிறு படகில் ஏற்றி ஆற்று வழியே இசை நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்கிறான். பழக்கதோஷத்தில் மீன்பிடி கோலையும் எடுத்து வந்துவிட்டான். படகின் பின்புறம் நரம்பு நீரில் இழுபட்டு வருகிறது. மீன்பிடிப்பதே ஒரு மடத்தனம் என்கிற பொருளில் அவள் ஏதோ சொல்கிறாள். அந்த நேரம் பார்த்து, அவன் வாழ்நாளில் கண்டிராத பெரிய பாஸ் மாட்டிக்கொள்கிறது. அவள் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது, மீனும் போய்விடக் கூடாது. பின்னாலிருந்து ஒரு வினோதமான சத்தம் வருகிறதே, அது என்ன என்று அவள் கேட்கிறாள். வௌவால்கள் என்று சமாளிக்கிறான்.

அது என்ன சத்தம்? நண்பரின் தமிழில் இதற்கு விடை கிடையாது. சத்தம் போடக்கூடிய எதுவும் அந்தப் படகில் இல்லை. ஒரு ‘தூண்டில்’ மட்டும் இருக்கிறது. மூலத்தில் ரீல் இருக்கிறது. ரீலுக்குள் உராய்வுத் தகடுகளாலான ஓர் அமைப்பு உண்டு, டிராக் என்பார்கள். மீன் இழுக்கும் இழுப்பில் நரம்பு அறுந்துவிடாதபடி, குறிப்பிட்ட ஓர் அழுத்தத்திற்கு மேல் ரீல் தானாகவே நரம்பை விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டுக்கொடுக்கும்போது எழும் ஒலிதான் அவள் கேட்டது. அந்த ஒலியின் பொருள், மீன் தூரமாகிக்கொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் கையில் இருக்கிறது என்பது. ஒரு பெண்ணுக்கும் ஒரு மீனுக்கும் நடுவே அகப்பட்ட பையனின் நிலையை இதைவிடச் சிக்கனமாக எவரும் எழுத முடியாது. கடைசியில் பேனாக்கத்தியை எடுத்து அவன் அறுப்பது அந்த நரம்பைத்தான். டிராக் இல்லையென்றால் அந்த மீன் கதையில் ஒரு பக்கம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. நண்பர் சொல்லும் படிமம் முழுக்க ஒரு திருகாணியின் இறுக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவரோ திருகாணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் படிமத்தை மட்டும் கேட்கிறார்.

அடுத்து, கொடுவா. கொடுவா நம் கழிமுகங்களிலும் கடலிலும் வாழ்கிற மீன். பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். சூரியமீன் என்று அவர்கள் அழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் கொடுவாவுக்கும் பாஸ் என்றொரு பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. சொல்லப்போனால், இந்த மீனுக்குப் பெயர் வைத்ததில் தொடக்கத்திலிருந்தே அநீதிதான். பெருவாய் பாஸுக்கு 1802 இல் லாசெபேட் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பெயர் சூட்டியபோது, டிரவுட்டும் சால்மனும் சேர்ந்த குலத்தைப் போன்றது என்ற பொருளில் ‘சால்மாய்டஸ்’ என்றார். மீனை நேரில் பார்த்தல்ல, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சித்திரத்தைப் பார்த்து. இந்த இனத்தின் பொதுப்பெயரான ‘மைக்ராப்டெரஸ்’ என்பதற்குச் சிறுதுடுப்பு என்று பொருள். அவருக்குக் கிடைத்த ஒரு மாதிரி மீனின் முதுகுத்துடுப்பு சிதைந்திருந்தது. சிதைவையே இலக்கணம் என்று எடுத்துக்கொண்டார். பாஸை அதுவாகப் பார்க்காமல் டிரவுட்டின் நிழலாகப் பார்க்கும் வழக்கம் இருநூறு ஆண்டுப் பழையது. நண்பர் அதன் தமிழ்க் கிளையைத் தொடங்கி வைத்திருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு ஒப்புமை வேண்டுமென்றால் விராலைச் சொல்லலாம். உறவினால் அல்ல, நடத்தையினால். இரண்டும் கொடிகளுக்கும் பாசிக்கும் இடையே அசையாமல் நின்று, கைக்கெட்டும் தூரத்தில் வருவதைப் பாய்ந்து பிடிப்பவை. இரண்டும் குஞ்சுகளைக் காவல் காப்பவை. பாஸில் அந்த வேலை ஆணுடையது. நம் ஊர்க் குளங்களில் சிறு தவளையை முள்ளில் கோத்து விராலுக்குப் போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். எங்கே போடுவது, எத்தனை நேரம் விடுவது, எப்போது சுண்டுவது என்று அவர் முடிவெடுக்கும் முறைதான் இனி நான் சொல்லப்போவது. அவரிடம் போய் “இதெல்லாம் வெறும் கருவி ஐயா, முக்கியம் மௌனம்” என்று சொல்லிப் பாருங்கள்.

பாஸ் பிடிப்பவர் ஏரிக்கரையில் நின்று செய்யும் முதல் வேலை வாசிப்பு. மீன் கண்ணுக்குத் தெரியாது. நீரின் நிறம், வெப்பம், காற்றடிக்கும் திசை, முழுகிய மரங்கள், தாமரையிலைப் பரப்பின் விளிம்பு, இவற்றிலிருந்து அது எங்கே நிற்கும், எந்த மனநிலையில் நிற்கும் என்று ஊகிக்கிறார். அவர் எடுக்கும் கருவி அந்த ஊகத்தின் வாக்கியம். ஆகவேதான் ஒருவருடைய படகில் நான்கைந்து கோல்கள் கிடக்கின்றன. பார்ப்பவருக்குப் பேராசை போலத் தோன்றும். ஒரே பொருளின் ஐந்து பிரதிகள் அல்ல அவை.

டெக்சஸ் முறை என்று ஒன்று உண்டு. தோட்டா வடிவக் குண்டு ஒன்றை நரம்பில் ஓடும்படி கோத்து, அதன் கீழே முள்ளைக் கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் புழுவின் தலையில் முள்ளை ஏற்றி வெளியே எடுத்து, முனையை மறுபடியும் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை கிடையாது. ஆகையால் முழுகிய மரத்தின் கிளைகளுக்கு நடுவே, பாசிக்கு நடுவே, அதாவது மீன் உண்மையிலேயே இருக்கும் இடத்துக்கு, எதிலும் சிக்காமல் இறக்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. மீன் கவ்வியபின் முள் முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவேண்டும், பிறகுதான் வாயில் ஏறவேண்டும். ஆகவே விறைப்பான கோல் தேவை; தளர்ந்த நரம்பைச் சுருட்டிக்கொண்டு ஒரே வீச்சில் சுண்ட வேண்டும். கவ்வுதல் என்றேன், பாஸ் பெரும்பாலும் கடிப்பதில்லை. வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடுகிறது. கையில் தெரிவது ஒரு மெல்லிய ‘டக்’. சில சமயம் அதுவும் இல்லை. நரம்பு இருந்த இடத்திலிருந்து சற்றே பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். டெக்சஸின் ஃபோர்க் ஏரியில், வெட்டாமல் விட்டு நீரில் முழுகடிக்கப்பட்ட மரங்களின் நடுவே, அந்த ‘டக்’கை மரக்கிளையின் உரசலிலிருந்து பிரித்தறிய எனக்கு இரண்டு கோடைகள் ஆயின.

இப்போது கிராங்க்பெய்ட் என்ற மரமீனை எடுங்கள். (இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆனாலும் பால்சா மரத்தில் செய்பவர்கள் இருக்கிறார்கள்.) வாய்க்குக் கீழே சாய்வான ஒரு தகடு. ரீலைச் சுழற்றினால் நீரின் அழுத்தம் தகட்டில் பட்டு அதைக் கீழே தள்ளுகிறது. நிறுத்தினால் மிதந்து மேலே வருகிறது. வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள் வெளிப்படையாகத் தொங்குகின்றன. புழுவுக்கு ஏற்ற விறைப்பான கோலோடு இதை வீசினால் தோல்விதான். ஏனென்றால் இங்கே மீன் ஓடும் பொருளைப் பக்கவாட்டில் தட்டிப் பறிக்கிறது, முட்கள் சிறியவை, தோலில் மேலோட்டமாக ஏறியிருக்கும். விறைத்த கோல் அவற்றைப் பிய்த்துவிடும். ஆகவே கண்ணாடியிழையில் செய்த, நடுவரை வளைந்துகொடுக்கும் கோல் வேண்டும். சுண்டக் கூடாது, சாய வேண்டும். இன்னொன்று: மரமீன் வெறுமனே நீந்திக்கொண்டிருந்தால் பாஸ் அதைப் பொருட்படுத்தாமலே இருக்கலாம். அது ஒரு அடிமரத்தில் மோதித் திசை தப்பித் தடுமாறும் கணத்தில் பாய்கிறது. அதனால் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே அதைக் கட்டைகளிலும் பாறைகளிலும் மோதவிடுகிறார்கள். புழுவை எதிலும் சிக்காமல் கொண்டுபோவது ஒரு கலை, மரமீனை எதிலாவது மோத வைப்பது இன்னொன்று. இரண்டும் ‘தூண்டில் போட்டான்’ என்பதற்குள் எப்படி அடங்கும்?

நரம்பிலும் இதே கதை. நைலான் நீளும், அந்த நீட்சி சில நேரம் குறை, சில நேரம் காப்பு. ஃப்ளோரோகார்பன் நீரில் மூழ்கும், நீருக்குள் கண்ணில் எளிதில் படாது. ஆகவே தெளிந்த ஏரியில் புழுவுக்கு நல்லது, மேற்பரப்பில் மிதக்கவேண்டிய இரைக்குக் கெட்டது, அதன் மூக்கைக் கீழே இழுத்துவிடும். பின்னல் நரம்பு சற்றும் நீளாது, மிதக்கும், தாமரைத் தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும். இலைப்பரப்பின்மேல் ரப்பர்த் தவளையை இழுப்பவர் அதைத்தான் கட்டுவார். அந்தத் தவளையின் முட்கள் இரண்டும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். இலைகளுக்கிடையே நீர் வெடித்து மீன் எழும்போது உடல் தானாகவே கோலைச் சுண்டிவிடும். சுண்டினால் தவளை மட்டும் முகத்தை நோக்கிப் பறந்து வரும். வெடிப்பைக் கண்டபின்னும் எடை கையில் தெரியும்வரை சும்மா இருக்கவேண்டும். நான் அறிந்த எல்லாப் பயிற்சிகளிலும் இது கடினமானது. தியானம் என்று சொல்ல மாட்டேன். நண்பருக்கு அந்தச் சொல் பிடிக்கும் என்பதாலேயே சொல்ல மாட்டேன்.

டிரவுட்டின் கவித்துவத்துக்கு வருகிறேன். நார்மன் மக்லீனின் ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ 1976 இல் வெளிவந்தது. 1992 இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் அதைப் படமாக்கினார். ஈ போன்ற இறகுப்பூச்சியை வீசும் முறையே மீன்பிடித்தலின் தூய வடிவம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் வேரூன்றியதில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு. மண்புழு டப்பாவோடு வரும் மைத்துனன் அதில் கேலிக்குரியவன். மக்லீன் பெரிய எழுத்தாளர், சந்தேகமில்லை. ஆனால் அவரை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்தக் குறுநாவலின் பக்கங்களில் வீச்சுமுறை பற்றிய நுணுக்கமான விவரணை நிறையவே இருக்கிறது. கோலை எத்தனை மணி முள்ளின் நிலையில் நிறுத்துவது என்பதுவரை. கருவியை அவர் ஒருபோதும் தாழ்வாக நினைக்கவில்லை. இன்னொரு வேதநூல் ஹெமிங்வேயின் ‘பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்’. அதில் நிக் ஈயை வீசி டிரவுட் பிடிக்கிறான் என்று எழுதிய தமிழ்க் கட்டுரையை நானே படித்திருக்கிறேன். நிக் காலையில் பனியில் விறைத்துக் கிடக்கும் வெட்டுக்கிளிகளைப் பொறுக்கிப் புட்டியில் அடைக்கிறான். உயிருள்ள வெட்டுக்கிளியை முள்ளில் குத்தித்தான் பிடிக்கிறான். தூய்மைவாதிகளின் கணக்கில் அவனும் புழு டப்பா மைத்துனன்தான். கருவியைத் தவிர்த்துப் படிமத்தை வாசிப்பவர்களுக்கு இந்த வெட்டுக்கிளி கண்ணிலேயே படவில்லை. ‘கிழவனும் கடலும்’ நாவலில் சாந்தியாகோ நான்கு இரைகளை எந்தெந்த ஆழத்தில் இறக்கினார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? நாற்பது, எழுபத்தைந்து, நூறு, நூற்றிருபத்தைந்து பாகம். ஹெமிங்வே அதை வேலையற்றுப்போய் எழுதவில்லை.

பாஸைக் கீழ்த்தரமாக நினைக்கும் மேட்டிமைக்கு எதிராக முதலில் எழுதியவர் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர். 1881 இல் இந்த மீனைப் பற்றி ஒரு தடித்த நூலே எழுதினார். பாஸுக்கான ரீல் உருவான கதை அதற்கும் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில், பாரிஸ் என்ற சிற்றூரில், ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்றும் ரீல் ஒன்றைச் செய்தார். அதே மாநிலத்தின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மீக் சகோதரர்கள் அதைச் செம்மையாக்கினார்கள், அவர்களும் கடிகாரக்காரர்கள். பிளாஸ்டிக் புழுவை 1949 இல் செய்தவர் ரப்பர் ஆலைகளின் ஊரான அக்ரனில் வாழ்ந்த நிக் க்ரீம். பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர் 1936 இல் அடிபட்ட சிறுமீனின் தள்ளாட்டத்தைக் கவனித்து அதே தள்ளாட்டத்தோடு ஒரு மரமீனைச் செதுக்கினார். கடிகாரக்காரர், ரப்பர் ஊர்க்காரர், மீனவர். டிரவுட்டுக்குப் பாதிரியாரும் பேராசிரியரும் கிடைத்தார்கள், ஆகவே இலக்கியம் கிடைத்தது. பாஸுக்குக் கம்மியர்கள் கிடைத்தார்கள். நம் சிறுபத்திரிகை மரபு யார் பக்கம் நிற்கவேண்டும்?

நண்பர் ‘வணிக விளையாட்டு’ என்றதில் உண்மை இல்லாமல் இல்லை. 1967 இல் ரே ஸ்காட் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியிலிருந்து இது ஒரு பெருந்தொழில் ஆயிற்று. அமெரிக்கக் கடைகளில் சுவர் சுவராகத் தொங்கும் புழுக்களில் பாதி, மீனைப் பிடிப்பதற்கல்ல, மனிதனைப் பிடிப்பதற்குத்தான். நானும் பிடிபட்டிருக்கிறேன், தர்பூசணி நிறத்தில் சிவப்புப் பொடி தூவிய புழு மட்டும் ஆறு பொட்டலம் பெட்டியில் கிடந்தது. பிய்ந்த பிளாஸ்டிக் ஏரியடியில் மட்காமல் கிடக்கிறது. ஈயக்குண்டை விழுங்கி நஞ்சேறி லூன் பறவைகள் செத்ததால் நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் சிறு ஈயக்குண்டுகளைத் தடை செய்தன. டங்ஸ்டன் வந்தது, விலை பல மடங்கு. இன்னும் ஒன்றை என் தரப்புக்கு எதிராக நானே சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் மாநிலத்தின் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 சனவரியில் ஃபோர்க் ஏரியில் கிடைத்தது. பிடித்தவர் அன்று பாஸைத் தேடிப் போகவே இல்லை. கிராப்பி என்ற சிறிய மீனுக்காக உயிருள்ள பொடிமீனை முள்ளில் போட்டு உட்கார்ந்திருந்தார். என் ஆறு பொட்டலங்களுக்கு அது போதுமான பதில்.

ஆனால், கருவிகளுக்குள் நல்லது கெட்டது பிரித்துச் சொல்ல வேண்டிய நேரம் வரும்போது, ‘எல்லாம் வெறும் கருவிதானே’ என்பவர் என்ன செய்வார்? அந்த நேரம் வந்துவிட்டது. 2018 இல் சந்தைக்கு வந்த ஒரு வகை ஒலியலைக் கருவி, படகின் முன்னால் நீருக்குள் இருப்பதை அந்தந்தக் கணத்தில் திரையில் காட்டுகிறது. மீன் தெரிகிறது. நீங்கள் வீசிய இரை அதை நோக்கி இறங்குவது தெரிகிறது. மீன் திரும்புவதும், பின்தொடர்வதும், மறுப்பதும் தெரிகின்றன. போட்டியாளர்கள் ஏரியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். சச்சரவு எழுந்தது. மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு தன் முதன்மைத் தொடரில் 2025 முதல் ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அதை அனுமதித்தது. பாஸ்மாஸ்டர் எலைட் தொடர் 2026 இன் ஒன்பது போட்டிகளில் ஐந்தில் அதை விலக்குவதாக அறிவித்தது.

ஒலியலைக் கருவி புதியது அல்ல என்பார்கள். சரிதான். 1959 இல் லோரன்ஸ் குடும்பத்தினர் விற்ற பச்சைப் பெட்டியும் ஒலியலைக் கருவிதான். அப்போதும் இதே முணுமுணுப்பு இருந்திருக்கும். நான் கோடு போடும் இடம் இது: பழைய பெட்டி முக்கியமாக இடத்தைச் சொன்னது. இங்கே ஆழம் இத்தனை, இங்கே ஒரு மேடு, இங்கே மரம். அந்த இடத்தில் மீன் என்ன செய்யும் என்ற ஊகம் பிடிப்பவரிடமே இருந்தது. புதிய திரை மீனையே சொல்கிறது. டெக்சஸ் முறையின் அந்த மெல்லிய ‘டக்’குக்கும் மரமீன் கட்டையில் மோதும் கணத்துக்கும் அதன்பிறகு வேலை குறைவு. பிளாஸ்டிக் புழு வாசிப்பின் கருவி. இந்தத் திரை வாசிப்பைத் தேவையற்றதாக்கும் கருவி. இப்படிப் பிரிப்பதை ஏற்காத திறமையான மீன்பிடிப்பாளர்கள் உண்டு. திரையை வாசிப்பதும் ஒரு திறன்தான் என்பது அவர்கள் வாதம், அதை நான் மதிக்கிறேன். அது கருவியை அறிந்தவர்களோடு செய்யக்கூடிய சண்டை. புழுவையும் திரையையும் ஒரே ‘வணிகக் குப்பை’ என்ற கூடையில் போடுபவரோடு இந்தச் சண்டையைத் தொடங்கக்கூட முடியாது.

படிமமாக மட்டும் வாசிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொன்று. பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதை நம் கட்டுரைகள் கருணை என்று கொண்டாடுகின்றன. அமெரிக்காவில் அதை ஒரு இயக்கமாக்கியவர் அதே ரே ஸ்காட்தான். 1972 முதல் அவருடைய போட்டிகளில் மீனைக் கொல்லாமல் படகின் நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்து, எடைபார்த்து, திரும்ப விட்டார்கள். போட்டி தொடர மீன் வேண்டுமே. ஆனால் 1932 சூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸைப் பிடித்து உலக சாதனை செய்த ஜார்ஜ் பெரி, எடை பார்த்துவிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். குடும்பம் சாப்பிட்டது. பெருமந்த காலம். அந்தச் சாதனையைச் சமன் செய்த மீன் 2009 சூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடாவுக்குக் கிடைத்தது. ஜப்பானுக்கு இந்த மீன் 1925 இல் ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு பரவி, பிவாவின் சொந்த மீன்களைத் தின்னத் தொடங்கியது. அதனால் பிவா இருக்கும் ஷிகா மாவட்டத்தில் 2003 முதல் பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடுவது விதிமீறல். ஒரே மீன், ஒரே செய்கை. ஓரிடத்தில் அறம், ஓரிடத்தில் குற்றம், முன்னொரு காலத்தில் எவரும் நினைத்தே பார்க்காத ஆடம்பரம். ‘மீனை விடுவித்தான், அதாவது தன்னையே விடுவித்தான்’ என்று எழுதுகிறவருக்கு இந்த மூன்றில் எது தெரியும்?

நண்பரின் கடைசி ஆயுதம், தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்பது. நரம்பு இருக்கிறது. தங்கூசி இருக்கிறது. முள், தக்கை, ஈயக்குண்டு, கோல், கண்ணி, இரை எல்லாம் இருக்கின்றன; குளத்தங்கரைக்குப் போனால் காதில் விழும். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004 இல் வந்தபோது பரதவர் வழக்குச் சொற்கள் நிறைந்த அந்த நாவலை நாம் முனகாமல் படித்தோம். புரியாத இடத்தில் காத்திருந்து புரிந்துகொண்டோம். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். சொல் இல்லாத இடத்தில் ரீல், டிராக், கிராங்க்பெய்ட் என்று எழுதுவதில் எந்த இழுக்கும் இல்லை. சைக்கிளுக்குச் செயினும் பெடலும் போட்டு எழுதிய மொழி இது.

கைப்பிரதி இப்போது மறுபடியும் என்னிடம் வந்திருக்கிறது. பாதி மாற்றியிருக்கிறார். கொடுவா போய்விட்டது, பாஸ் வந்திருக்கிறது. கோலும் நரம்பும் பிரிந்திருக்கின்றன. வௌவால் வரும் பக்கத்தில் மட்டும் ‘பின்னால் ஏதோ சத்தம் கேட்டது’ என்றே விட்டிருக்கிறார். அந்த வரியின் ஓரத்தில் ‘ரீலிலிருந்து நரம்பு உருவப்படும் சத்தம்’ என்று பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.